அனுப்பு பொத்தானுக்குப் பின்னால் பத்து விநாடி

திருப்பூரில் உள்ள ஒரு பின்னலாடை ஏற்றுமதி அலுவலகத்தில் மின்னஞ்சல் சர்வர் சில மாதங்களாக மிக மெதுவாக இயங்குகிறது என்று ஓர் ஆகஸ்ட் மாதத்தில் என்னை அழைத்தார்கள். நான் போவதற்கு முன்பே அவர்கள் இரண்டு காரியங்களைச் செய்திருந்தார்கள். இணைய இணைப்பின் வேகத்தை 20 எம்பிபிஎஸ்ஸிலிருந்து 50 ஆக உயர்த்திக்கொண்டார்கள். அதனால் எந்தப் பயனும் ஏற்படாததால், புதிய சர்வர் ஒன்றுக்கு விலைப்பட்டியல் வாங்கி வைத்திருந்தார்கள். முதலாளியின் மேசையில் அந்தப் பட்டியல் ஒப்பத்துக்காகக் காத்திருந்தது.

சர்வர், கணக்குப் பிரிவின் ஓரத்தில் கண்ணாடித் தடுப்புக்குள் இருந்த எட்டு வயது டவர் பெட்டி. 4 ஜிபி ரேம், பல வட்டுகளை ஒன்றாக இயக்கும் ரெய்டு கார்டில் இணைத்த, நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் வட்டுகள் நான்கு, இயங்குதளம் டெபியன் லினக்ஸ். அஞ்சலை வாங்கி அனுப்புவது போஸ்ட்ஃபிக்ஸ். பயனர்களுக்குப் பெட்டியைத் திறந்து காட்டுவது டவ்காட். இடையில் அமாவிஸ் என்னும் வடிகட்டி, குப்பை அஞ்சலைப் பிடிக்கும் ஸ்பாம்அசாசினையும் நச்சுநிரலைத் தேடும் கிளாம்ஏவியையும் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு அஞ்சலையும் சோதிக்கும். பயனர்கள் ஏறத்தாழ 45 பேர். அவர்களில் பாதிப் பேர், பையர்களின் (ஆடை வாங்கும் நிறுவனங்களின்) ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர்கள். ஆர்டர் விவரம், டெக் பேக் என்னும் ஆடை விவரத் தொகுப்பு, சாம்பிள் படங்கள் என்று இணைப்புகள் கனத்த அஞ்சல்கள்தாம் அவர்களுடைய அன்றாட வேலை.

"மெதுவாக இருக்கிறது" என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு எதையும் திருத்த முடியாது என்பதால், முதல் நாள் காலையில் சர்வர் பக்கமே போகாமல், ஒரு நோட்டும் கைப்பேசியின் ஸ்டாப்வாட்ச்சுமாக ஆறு மேசைகளில் மாறி மாறி உட்கார்ந்தேன். ஷிப்பிங் பிரிவுத் தம்பி ஒருவர், "அனுப்புன்னு அமுக்கிட்டு ஒரு டீ குடிச்சுட்டு வந்துரலாங்கண்ணா" என்றார். மிகைதான், ஆனால் நான் எடுத்த அளவுகள் சுவையாக இருந்தன. ஓர் அஞ்சலை அனுப்ப 10 அல்லது 11 விநாடி ஆனது. ஒரு வரி அஞ்சலுக்கும் அவ்வளவுதான், 3 எம்பி இணைப்புக்கும் ஏறத்தாழ அவ்வளவுதான். அலுவலகம் நிரம்பாத காலை எட்டரை மணிக்கும் அதே கணக்கு. பெட்டியைத் திறப்பது வேறு கதை: காலையில் 3 விநாடியில் திறந்த அதே பெட்டி, பிற்பகல் இரண்டரைக்கு 40 விநாடி எடுத்துக்கொண்டது. வெளியிலிருந்து வரும் அஞ்சல்கள் பிற்பகலில் ஐந்து முதல் இருபது நிமிடம் வரை தாமதமாக வந்தன.

ஆக, ஒரே புகாருக்குள் மூன்று நோய்கள் இருந்தன. அவற்றில் முதலாவது, நேரத்துக்கும் அளவுக்கும் அசையாமல் ஒரே எண்ணில் நிற்கிறது. மற்ற இரண்டும் நேரத்தோடு ஏறி இறங்குகின்றன. ஏறி இறங்கும் தாமதம் பெரும்பாலும் சுமையால் வருவது. பத்து விநாடி என்று துல்லியமாக நிற்கும் தாமதமோ, எங்கோ எதற்கோ காத்திருந்து, பொறுமை தீர்ந்து விலகும் நிரல் ஒன்றின் அடையாளம். முதலில் அதைப் பிடிப்பதென்று முடிவு செய்தேன்.

அதற்கு முன் உள்வலையை ஐயத்திலிருந்து விடுவிக்க வேண்டியிருந்தது. மேசைக் கணினியிலிருந்து சர்வருக்குப் பிங் என்னும் சோதனைச் செய்தி அனுப்பினால் ஒரு மில்லிவிநாடிக்குள் பதில் வந்தது. ஒரு பெரிய கோப்பை நகல் எடுத்துப் பார்த்ததில் விநாடிக்கு 100 எம்பிக்கு மேல் கிடைத்தது. சுவிட்ச், கேபிள் எல்லாம் சரி. மேசையிலிருந்து அதே கட்டடத்தில் உள்ள சர்வருக்கு அஞ்சல் போவதில் வெளி இணைய இணைப்புக்கு வேலையே இல்லை என்பதையும், 50 எம்பிபிஎஸ்ஸுக்கு மாதந்தோறும் கட்டும் கூடுதல் தொகை இந்தப் பத்து விநாடியைத் தொடவே தொடாது என்பதையும் முதலாளிக்கு ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினேன். அவர் அதிகம் பேசவில்லை. விலைப்பட்டியலை மட்டும் மேசை இழுப்பறைக்குள் வைத்தார்.

அஞ்சல் மென்பொருளை விட்டுவிட்டு, ஒரு மேசைக் கணினியிலிருந்து டெல்நெட் என்னும் எழுத்துவழி இணைப்பு நிரல் மூலம், சர்வர் அஞ்சல் வாங்கும் வாசலான 25ஆம் போர்ட்டோடு நானே பேசிப் பார்த்தேன். அஞ்சலை ஒப்படைக்கும் விதிமுறையான எஸ்எம்டிபி, எழுத்தில் நடக்கும் உரையாடல் என்பதால், அதைக் கையால் தட்டச்சு செய்து எந்த வாக்கியத்துக்குப் பிறகு சர்வர் மௌனமாகிறது என்று கண்டுபிடித்துவிடலாம். இணைப்பு உடனே கிடைத்தது. ஆனால் "220" என்று தொடங்கும் வரவேற்பு வரி ஐந்து விநாடி கழித்துத்தான் வந்தது. வணக்கம் சொன்னதற்கும் அனுப்புநர் முகவரி கொடுத்ததற்கும் பதில் உடனே வந்தது. பெறுநர் முகவரி கொடுத்ததும் மறுபடி ஐந்து விநாடி மௌனம். இரண்டு ஐந்துகள் சேர்ந்து பத்து.

வரவேற்பு வரிக்கு முன் போஸ்ட்ஃபிக்ஸ் செய்யும் வேலை, தன்னோடு இணைந்த கணினியின் ஐபி முகவரிக்கு உரிய பெயரை, இணையத்தின் பெயர்-முகவரி அகராதியான டிஎன்எஸ்ஸில் தேடுவது. பெறுநர் முகவரிக்குப் பின் நடந்தது, அஞ்சலை ஏற்பதா என்று முடிவு செய்யும் சோதனை. அந்தச் சோதனை முன்பே நடக்க வேண்டியது போலத் தோன்றினாலும், போஸ்ட்ஃபிக்ஸ் இயல்பாகவே மறுப்புகளையெல்லாம் பெறுநர் வரி வரும்வரை தள்ளிப்போடும். இரண்டிலும் டிஎன்எஸ் கேள்வி உண்டு. சர்வரில், எந்த டிஎன்எஸ் சர்வரிடம் கேட்பது என்று சொல்லும் ரிசால்வ் டாட் கான்ஃப் கோப்பைத் திறந்தபோது விடை முதல் வரியிலேயே இருந்தது: அதற்கு முந்தைய ஆண்டு மாற்றிவிட்ட பழைய இணைய நிறுவனத்தின் டிஎன்எஸ் சர்வர் முகவரி. இணைப்பை மாற்றியபோது ரூட்டரில் எல்லாம் மாற்றியவர்கள், இந்தக் கோப்பை யாரும் தொடவில்லை. பழைய நிறுவனம் தன் வாடிக்கையாளர் அல்லாதவர்களுக்குப் பதில் தராது, மறுப்பும் சொல்லாது, கேள்வி காற்றில் போய்விடும். லினக்ஸின் பெயர்தேடும் நூலகம் ஒரு சர்வருக்காக இயல்பாக 5 விநாடி காத்திருந்துவிட்டுத்தான் அடுத்த சர்வரிடம் போகும். முதலாவது பதில் தருவதில்லை என்பதை அது நினைவில் வைத்துக்கொள்வதும் இல்லை. ஒவ்வொரு கேள்விக்கும் முதலிலிருந்தே தொடங்கும்.

அந்த வரியை நீக்குவதோடு நிறுத்தாமல், சர்வரிலேயே அன்பவுண்ட் என்ற டிஎன்எஸ் நிரலை நிறுவி, ரிசால்வ் டாட் கான்ஃபில், அந்தச் சர்வரையே குறிக்கும் 127.0.0.1ஐ முதலில் வைத்தேன். இதில் இரண்டு லாபங்கள் உண்டு. 192.168 என்று தொடங்கும் உள்வலை முகவரிகளுக்குப் பெயர் கேட்டால், அன்பவுண்ட் அந்தக் கேள்வியை வெளியே அனுப்பாமல் "அப்படி ஒன்று இல்லை" என்று அந்தக் கணமே சொல்லிவிடும். இரண்டாவது லாபம் வடிகட்டிக்கு: குப்பை அஞ்சல் அனுப்பும் முகவரிகளைத் தொகுக்கும் ஸ்பாம்ஹாஸ் போன்ற கருப்புப் பட்டியல்கள், 8.8.8.8 போன்ற பொது டிஎன்எஸ் சர்வர்கள் வழியாக வரும் கேள்விகளுக்குச் சரியான விடை தருவதில்லை. நாமே நேரடியாகக் கேட்டால்தான் தரும். வடிகட்டியின் அமைப்பைப் பார்த்தபோது, 2024 ஜூனில் மூடப்பட்ட சார்ப்ஸ் பட்டியலும் இன்னும் அதில் இருந்தது, அதையும் எடுத்துவிட்டேன்.

மாற்றிவிட்டு மிகுந்த நம்பிக்கையோடு மறுபடி டெல்நெட் செய்தால், அதே ஐந்து விநாடி. கட்டளை வரியில் டிக் என்னும் டிஎன்எஸ் சோதனைக் கருவி மூலம் கேட்டால் பதில் மின்னல் வேகத்தில் வருகிறது. போஸ்ட்ஃபிக்ஸ் மட்டும் அசையவில்லை. அரை மணி நேரம் அன்பவுண்டின் அமைப்பைக் குடைந்துகொண்டிருந்த பிறகுதான் நினைவு வந்தது: இந்தச் சர்வரின் டெபியனில் போஸ்ட்ஃபிக்ஸின் பல பகுதிகள் தனிச்சிறைக்குள் (ஒரே அடைவுக்குள் அடைபட்டு) இயங்குகின்றன, அவை பார்ப்பது உண்மையான ரிசால்வ் டாட் கான்ஃபை அன்று, போஸ்ட்ஃபிக்ஸ் தன் அஞ்சல் வரிசையை வைத்திருக்கும் ஸ்பூல் அடைவுக்குள் இருக்கும் அதன் நகலை. போஸ்ட்ஃபிக்ஸை நிறுத்தித் தொடங்கும்போதுதான் அந்த நகல் புதுப்பிக்கப்படும். 'போஸ்ட்ஃபிக்ஸ் செக்' என்று முதலிலேயே கேட்டிருந்தால், இரண்டு கோப்புகளும் வேறுபடுகின்றன என்று அதுவே சொல்லியிருக்கும். மறுதொடக்கம் செய்ததும் வரவேற்பு வரி கண்ணிமைக்கும் முன் வந்தது. அன்று மாலை அனுப்பும் நேரம் ஒரு விநாடிக்குக் கீழே இறங்கியது. ஷிப்பிங் பிரிவுத் தம்பி, அஞ்சல் உண்மையிலேயே போய்விட்டதா என்று சந்தேகப்பட்டு, அனுப்பியவை அடைவைத் திறந்து பார்த்தார்.

மறுநாள் பிற்பகலுக்காகக் காத்திருந்தேன். கோடைகாலத்தில் ஜெர்மனி நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்தங்கியது. அங்கே காலை ஒன்பதுக்கு அலுவலகம் திறக்கும்போது திருப்பூரில் மணி பன்னிரண்டரை. அங்குள்ள பையர்களின் அஞ்சல்கள் அதற்குப் பிறகே குவியத் தொடங்கும். தாமதமாக வரும் அஞ்சல் எங்கே தேங்குகிறது என்பதை அறியப் போஸ்ட்ஃபிக்ஸின் பதிவேட்டைப் போன்ற உதவி வேறில்லை. ஒவ்வொரு அஞ்சலுக்கும் அது நான்கு எண்களைச் சாய்கோடிட்டு எழுதி வைக்கும்: வரிசைக்கு வரும்வரை ஆன நேரம், வரிசை மேலாளரிடம் காத்திருந்த நேரம், அடுத்த இடத்தோடு இணைப்பு ஏற்படுத்த ஆன நேரம், அஞ்சலை ஒப்படைக்க ஆன நேரம். நான் வருவதற்கு முந்தைய நாள் பிற்பகலின் வரிகளில் 0.6/312/0/19 என்பது போன்ற எண்கள் நிறைந்திருந்தன. அதாவது, வடிகட்டியிடம் ஒப்படைத்துச் சோதனை முடிய 19 விநாடி. அந்த வடிகட்டியில் இடம் கிடைப்பதற்காகக் காத்திருந்தது 312 விநாடி. வடிகட்டி ஒரே நேரத்தில் இரண்டு அஞ்சல்களை மட்டும் எடுக்கும்படி அமைக்கப்பட்டிருந்தது. அஞ்சலுக்கு 19 விநாடி என்றால் நிமிடத்துக்கு ஆறு அஞ்சல். அதற்கு மேல் வந்தவை எல்லாம் வரிசையில் நின்றன.

டிஎன்எஸ் சரியான பிறகு அந்த 19, தானாகவே 7 ஆகியிருந்தது. கருப்புப் பட்டியல் கேள்விகளும் அதே செத்த முகவரியில்தான் முட்டிக்கொண்டிருந்திருக்கின்றன. மூன்றாவது நோயில் பாதி, முதல் நோயின் பிள்ளை.

இங்கே நான் ஓர் அவசரக் காரியம் செய்தேன். இரண்டு இடத்தைப் பன்னிரண்டாக்கினால் வரிசையே இராது என்று எண்ணி, அமாவிஸின் எண்ணிக்கையையும் அதற்கு இணையான போஸ்ட்ஃபிக்ஸ் எண்ணிக்கையையும் உயர்த்தினேன். இருபது நிமிடத்தில் சர்வர் மூச்சுத் திணறியது. கிளாம்ஏவியின் நச்சுநிரல் குறிப்புகள் மட்டுமே ஒரு ஜிபிக்கு மேல் நினைவகத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு அமாவிஸ் செயலும் தன் பங்குக்கு நூறு எம்பிக்கு மேல் கேட்கும். 4 ஜிபி தீர்ந்து, நினைவகத்துக்குப் பதிலாக வட்டைப் பயன்படுத்தும் ஸ்வாப்புக்குச் சர்வர் இறங்கி, பெட்டி திறக்கும் நேரம் 40 விநாடியைத் தாண்டி ஒரு நிமிடமானது. கணக்குப் பிரிவிலிருந்து எழுந்த குரல்களை இங்கே எழுத வேண்டியதில்லை. எண்ணிக்கையை நான்காகக் குறைத்தேன். இன்றுவரை அது நான்காகவே இருக்கிறது.

மூச்சு திரும்பியதும், எஞ்சியிருந்த பிற்பகல் தாமதத்தைப் பார்த்தேன். டாப் கட்டளையில் செயலி பெரும்பாலும் சும்மா இருந்தது. வட்டுக்காகக் காத்திருக்கும் விழுக்காடு மட்டும் அறுபதைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஐஓஸ்டாட்டில் வட்டு நூறு விழுக்காடும் வேலையில் இருப்பதாகவும், ஒரு கோரிக்கைக்கு நூற்றுக்கணக்கான மில்லிவிநாடி ஆவதாகவும் காட்டியது. யார் இவ்வளவு கேட்பது என்று ஐஓடாப்பில் பார்த்தால், முதல் வரியில் ஆர்சிங்க் என்னும் நகலெடுக்கும் நிரல். அன்றாடக் காப்புப்பிரதி, பிற்பகல் ஒன்றரை மணிக்கு.

காப்புப்பிரதியைப் பட்டப்பகலில் வைத்த புண்ணியவான் யார் என்று கேட்டேன். ஒரு காலத்தில் இரவில் சர்வரை அணைத்துவிட்டுப் போவது வழக்கமாம்; அதனால் எல்லாரும் சாப்பிடப் போகும் நேரத்தை அதற்கு ஒதுக்கியிருக்கிறார்கள். அன்று அது அரை மணியில் முடிந்திருக்கும். மெயில்டிர் அமைப்பில் ஓர் அஞ்சலுக்கு ஒரு கோப்பு; ஆண்டுகள் செல்லச் செல்லக் கோப்புகள் 12 லட்சத்தைத் தாண்டிவிட்டன. மாறியது எது என்று அறிய ஆர்சிங்க் அத்தனை கோப்புகளையும் ஒவ்வொன்றாக விசாரிக்க வேண்டும். இப்போது அது நான்கு மணி வரை ஓடுகிறது, ஜெர்மனி விழித்திருக்கும் அதே நேரத்தில். இரவு பத்தரைக்கு மாற்றினேன். பெட்டி திறக்கும் நேரம் 40 விநாடியிலிருந்து 15க்கு இறங்கியது. நல்ல முன்னேற்றம்தான், ஆனால் 45 பேருக்கு அஞ்சல் காட்டுவது நான்கு வட்டுகளுக்கு அப்படியொன்றும் மலையைப் புரட்டும் வேலையன்று. 15 என்ற எண் எனக்கு உறுத்தியது.

எழுதும் வேகத்தை மட்டும் தனியே சோதித்தேன். 512 பைட் துண்டுகளாக ஆயிரம் முறை எழுதி, ஒவ்வொரு முறையும் "வட்டில் பதிந்துவிட்டது" என்ற உறுதி வந்த பிறகே அடுத்ததை எழுதும்படி டிடி கட்டளையைக் கொடுத்தேன். 31 விநாடி ஆனது. 7200 சுழற்சி வட்டு ஒருமுறை சுற்ற 8.3 மில்லிவிநாடி ஆகும். ஒரு சிறு எழுத்துக்குக் கோப்பிலும், கோப்பு முறைமையின் குறிப்பேடான ஜர்னலிலுமாகச் சில சுற்றுகள் தேவைப்பட்டால் இந்தக் கணக்கு வெறும் வட்டுக்குச் சரியாகவே வருகிறது. ஆனால் இங்கே இருப்பது வெறும் வட்டன்று. ரெய்டு கார்டில் சொந்த நினைவகம் உண்டு. எழுத வந்ததை அது வாங்கி வைத்துக்கொண்டு உடனே உறுதி சொல்லிவிட்டு, வட்டுக்கு நிதானமாகப் பிறகு எழுத வேண்டும். அப்படி நடந்தால் 31 விநாடி ஆக வழியே இல்லை.

கார்டின் நிலையைக் கேட்டதும் குட்டு உடைந்தது. அமைக்கப்பட்ட முறை, வாங்கி வைத்துப் பிறகு எழுதும் "ரைட் பேக்"; நடப்பில் உள்ள முறை, நேரே வட்டில் எழுதும் "ரைட் த்ரூ". கார்டின் நினைவகத்தை மின்தடையில் காப்பாற்ற அதோடு ஒரு சிறு பேட்டரி இருக்கும். அது செத்துப்போனால், கார்டு தானே எச்சரிக்கையாகி, எதையும் கையில் வைத்துக்கொள்ளாமல் நேரே வட்டில் எழுதத் தொடங்கிவிடும். மின்னஞ்சல் சர்வருக்கு இது பேரிடி. ஓர் அஞ்சல் உள்ளே வரும்போது போஸ்ட்ஃபிக்ஸ் அதை வரிசையில் எழுதி உறுதி வாங்கும். வடிகட்டியிலிருந்து திரும்பி வரும்போது மறுபடி வரிசையில் எழுதும். பெட்டியில் போடும்போது இன்னொரு முறை. ஒவ்வொரு உறுதியும் இப்போது வட்டின் சுழற்சிக்காகக் காத்து நின்றது.

பேட்டரி செத்து ஏழு மாதமாகியிருந்தது. எனக்கு அது எப்படித் தெரிந்தது என்றால், கண்காணிப்பு நிரல் அன்றே அதை மின்னஞ்சலில் எழுதியிருந்தது. சர்வரின் நிர்வாகக் கணக்கான ரூட் பயனருக்கு வரும் அஞ்சல்கள் எல்லாம் வேலையை விட்டுப் போய்விட்ட ஒருவரின் பெட்டிக்குத் திருப்பிவிடப்பட்டிருந்தன. அந்தப் பெட்டியில் படிக்கப்படாத எச்சரிக்கைகள் இருநூற்றுச் சொச்சம் இருந்தன.

புதுப் பேட்டரி கூரியரில் வர மூன்று நாளாகும் என்றார்கள். அதுவரை பேட்டரி இல்லாமலேயே ரைட் பேக் முறையைக் கட்டாயமாக இயக்கும் வழி கார்டில் இருந்தது. "யுபிஎஸ்தான் இருக்குதுங்களே, போட்டு விட்றலாமுங்களா?" என்று முதலாளி கேட்டார். நான் ஒப்பவில்லை. நம் சர்வர் "250" (ஏற்றுக்கொண்டேன்) என்று பதில் சொன்ன நொடியில், அனுப்பிய சர்வர் தன் நகலை அழித்துவிடுகிறது. வாங்கிய அஞ்சலைக் கணினி நின்றுபோனதுபோன்ற அற்பக் காரணங்களுக்காக இழக்கக் கூடாது என்று 2008இல் வந்த எஸ்எம்டிபி தரமான ஆர்எஃப்சி 5321 கண்டிப்பாகச் சொல்வதும் அதனால்தான். அந்த நேரத்தில் அஞ்சல் கார்டின் நினைவகத்தில் மட்டும் இருந்து, சர்வருக்குள் உள்ள மின்பெட்டி கருகினாலோ, பெருக்க வந்தவரின் துடைப்பம் பட்டு வயர் கழன்றாலோ, அந்த அஞ்சல் உலகில் எங்குமே இராது. யுபிஎஸ் இந்த இரண்டையும் தடுக்காது. போதாக்குறைக்கு, கோப்பு முறைமையே சிதையலாம். மூன்று நாள் 15 விநாடியைப் பொறுத்துக்கொள்வது மேல் என்றேன், அவரும் ஏற்றுக்கொண்டார்.

அந்த இடைவெளியில் ஒரு சிறு வேலை மிஞ்சியிருந்தது. மூத்த மெர்ச்சண்டைசர் அக்கா ஒருவரின் இன்பாக்ஸில் 86,000 அஞ்சல்கள், ஒரே அடைவில். அழிக்கலாமா என்று கேட்டதற்கு, "ஒன்னுகூட அழிக்க மாட்டேனுங்க. ரெண்டு வருசம் கழிச்சு பையர் கிளெய்ம் போட்டா நான் எதைக் காட்டறது?" என்றார். நியாயம் அவர் பக்கம். டவ்காட்டின் நிர்வாகக் கட்டளையால், இரவோடு இரவாக அஞ்சல்களைத் தேதிவாரியாக ஆண்டு அடைவுகளுக்கு நகர்த்தினேன். இன்பாக்ஸில் நடப்பு ஆண்டு மட்டும் நின்றது. கோப்புகளை நேரடியாக எம்வி கட்டளையால் நகர்த்தாதது வேண்டுமென்றேதான்: டவ்காட்டின் அட்டவணைக் கோப்புகளுக்குத் தெரியாமல் நகர்த்தினால், மேசைக் கணினியில் உள்ள அவுட்லுக் தலைப்புகளைக் குழப்பிக்கொண்டு மறுபடி இறக்கத் தொடங்கக்கூடும்.

ஞாயிற்றுக்கிழமை சர்வரை அணைத்துப் பேட்டரியை மாற்றினோம். பழையது வயிறு உப்பியிருந்தது. புதியது முழுதாக மின்னேறி, கார்டு ரைட் பேக்குக்குத் திரும்பிய பிறகு, அதே டிடி சோதனை அரை விநாடியில் முடிந்தது. திங்கள் பிற்பகல் மூன்று மணிக்கு அக்காவின் பெட்டி 2 விநாடியில் திறந்தது. பதிவேட்டில் அந்த நான்கு எண்கள் 0.2/0.1/0/2.4 என்று இருந்தன. ரேம் மட்டும் 8 ஜிபியாக ஏற்றச் சொன்னேன். புது சர்வர் விலைப்பட்டியல் இழுப்பறையிலேயே இருந்துவிட்டது.

ரூட்டுக்கு வரும் அஞ்சல்களை ஷிப்பிங் பிரிவுத் தம்பியின் பெட்டிக்கும் என் பெட்டிக்கும் திருப்பிவிட்டேன். ஏறத்தாழ மூன்று மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை அந்த வழியில் முதல் எச்சரிக்கை வந்தது: கார்டு மறுபடி ரைட் த்ரூ முறைக்குப் போய்விட்டது. பதறிப் பார்த்தால் பழுது ஒன்றுமில்லை. பேட்டரியை முழுதாக இறக்கி ஏற்றித் தன் கொள்ளளவை அளந்துகொள்ளும் பயிற்சியைக் கார்டு குறித்த கால இடைவெளியில் தானே நடத்துகிறது, அது முடியும்வரை சில மணி நேரம் எழுத்து மெதுவாகவே இருக்கும். அடுத்த பயிற்சியை ஞாயிறு அதிகாலைக்கு மாற்றி வைத்துவிட்டு, தம்பிக்கு ஃபோன் போட்டுச் சொன்னேன். "அப்ப இன்னிக்கு மட்டும் பொறுத்துக்கச் சொல்லீர்றனுங்கண்ணா" என்றார்.